பொட்டு வைத்த விரிசல்

பினாங்குப் பக்கம் செபராங் ஜெயாவில் டிராக்டர் விற்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் கடிதம் தட்டச்சு செய்தேன். அதில் பாதி வருடங்கள் 'வருந்துகிறோம்' என்ற ஒரே சொல்லைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அது கொஞ்சம்தான் மிகை. டிராக்டர் உடைந்தவர்கள் எங்களுக்கு எழுதுவார்கள். உத்தரவாதக் காலத்துக்குள்தானே உடைந்தது, மாற்றிக் கொடுங்கள் என்பார்கள். சர்வீஸ் சூப்பர்வைசர் வண்டியைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதுவார். நான் ஆங்கிலத்தில் வருந்துவேன். மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்.

எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். லாரிக்கு அடியில் நீளமாக இரும்புச் சட்டம் இருக்கும். பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். நாங்கள் விற்ற சின்ன டிராக்டருக்கு அப்படித் தனியாகச் சட்டம் கிடையாது. முன்னால் எஞ்சின், பின்னால் கியர்பாக்ஸ், நடுவில் இரண்டையும் சேர்க்கிற கிளட்ச் கூடு. மூன்றையும் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதுதான் அதன் முதுகெலும்பு. நிலம் உழுகிறவரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் நம் ஆட்களுக்கு உழுதால் போதாது. முன்னால் இரண்டு கைகளை நீட்டி வாளியில் மண் அள்ளும் லோடர் வேண்டும். லோடரை மாட்டினால் அதன் பாரத்தைப் பின் அச்சுவரை கொண்டுபோக இரண்டு பக்கமும் நீளமான தாங்கு கம்பிகள் வேண்டும். வண்டி முன்னால் கவிழாமலிருக்கப் பின்னால் எதிர்பாரமாக ஒரு கான்கிரீட் கட்டியும் வேண்டும். கம்பி இல்லையென்றால் பாரம் முழுக்க நடுவில் இருக்கும் அந்த வார்ப்பிரும்புக் கூட்டில்தான் விழும். முதலில் மயிரிழை விரிசல் விடும், பிறகு ஒரு நாள் இரண்டாகப் போகும்.

இதையெல்லாம் நான் எங்கும் படித்துப் பட்டம் வாங்கவில்லை. அடித்து அடித்து விரலில் ஏறிய அறிவு. 'கிளட்ச் கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று தினமும் பார்க்கவும்' என்ற வரியை மட்டும் நூறு தடவையாவது அடித்திருப்பேன்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்காரர் ஒரு நாள் பிறை என்ற ஊரில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, எங்கள் கம்பெனியிலேயே ஒரு சின்ன டிராக்டர் வாங்கினார். எண்பதுகளின் கடைசி, பினாங்குப் பாலம் திறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கே பார்த்தாலும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், செடி நட்டுக்கொண்டிருந்தார்கள். வாடகைக்கு மண் அள்ளிப் பிழைக்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆள்தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிப் பழகியவர். ஃபோர்க்லிஃப்டின் பின்பக்கத்தில் கம்பெனிக்காரனே டன் கணக்கில் இரும்பை வைத்து அனுப்பிவிடுகிறான். ஓட்டுகிறவர் எதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். பதினைந்து வருடம் யோசிக்காமல் பாரம் தூக்கியவரிடம் போய் எதிர்பாரம் என்று நான் சொன்னால் ஏறுமா?

லோடரை நிபோங் திபாலில் ஒரு பட்டறையில் செய்து மாட்டினார். அந்தப் பட்டறைக்காரர் நல்ல மனிதர், தாங்கு கம்பிகளையும் சேர்த்துத்தான் செய்து கொடுத்தார். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் அந்த இரண்டு கம்பிகளையும் கழற்றிக் கோழிக்கூட்டின் மேல் போட்டுவிட்டார். ஏனென்றால் பின்னால் ஏறி நிற்பதற்கு அவை இடைஞ்சலாக இருந்தன. யார் ஏறி நிற்க? அவருடைய அண்ணன்.

மூத்தாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகான் டாலாமில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் கேன்டீன் நடத்தினார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். கதவில் நுழையும்போது ஒருக்களித்து நுழைவார். எங்கள் வீட்டு நாற்காலிகளில் ஒன்றில் மட்டும்தான் நம்பி உட்காருவார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மேல் உயிர். ஆனால் டிராக்டர் வந்த நாளிலிருந்து அவரை அண்ணனாகப் பார்த்ததைவிடக் கனமாகத்தான் அதிகம் பார்த்தார். கான்கிரீட் கட்டிக்குப் பதில் பின்னால் ஒரு பலகையைப் பூட்டி, அதில் அண்ணனை ஏற்றினார். மாமாவும் கேன்டீனை மூடிவிட்டு வந்து, சாயங்காலங்களில் அந்தப் பலகையில் கைகட்டி நிற்பார்.

நான் கையேட்டைக் கொண்டுவந்து காட்டினேன். படம் போட்டிருந்த பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"அந்தப் புக் எழுதினவன் ஜப்பான்ல உட்கார்ந்துகிட்டு எழுதினான்லா. அவனுக்கு எங்க அண்ணனைத் தெரியுமா?"

மாமா சங்கோஜமாகச் சிரித்தார். ஆபீஸில் என் எழுத்தைப் பார்த்து மாநிலமே நடுங்கியது. வீட்டில் ஒரு ரசத்துக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை. கோபம் வந்தது, விட்டுவிட்டேன். உடையட்டும் என்று ஒரு மூலையில் நினைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தைப்பூசம் வந்தது. ஜார்ஜ் டவுனில் பூசத்துக்கு முதல் நாள் ரதம் புறப்படும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். நம் ஆட்கள் நூறு உடைத்தால் சீனர்கள் ஆயிரம் உடைப்பார்கள். நேர்த்திக்கடன் என்று வந்துவிட்டால் அவர்களுக்கு எண்ணிக்கை பற்றிய கவலையே கிடையாது. ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்து, ரதம் தெருமுனையில் தெரிந்ததும் ஆளுக்கு ஆள் எறிவார்கள். சாலை முழுக்க உடைந்த ஓடுகளும் தண்ணீரும். அதை அள்ளி ஓரத்தில் தள்ளினால்தான் ரதம் இழுக்கிற மாடுகள் கால் வைக்க முடியும். அந்த வருடம் டத்தோ கெராமாட் சாலையில் இருந்த ஒரு தண்ணீர்ப் பந்தல்காரர்கள், எல்லோரும் என் வீட்டுக்காரரின் பழைய தொழிற்சாலைக் கூட்டாளிகள், ஓடு அள்ளுவதற்கு டிராக்டரைக் கொண்டுவரச் சொன்னார்கள். முருகனுக்கே வழிவிடுகிற வேலை. அவர் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

காலையில் லாரியில் ஏற்றுமுன் வண்டிக்குப் பூஜை. மாலை போட்டார், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சந்தனம் குங்குமம் வைக்கிற வேலை என்னுடையது. முகப்பில் வைத்தேன், விளக்குகளில் வைத்தேன். நடுவில் இன்னும் ஒரு பொட்டு வைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பக்கவாட்டில் சொரசொரப்பில்லாத இடம் ஒன்றுதான் இருந்தது, கிளட்ச் கூடு. அங்கே ஒரு கோடு இருந்தது, பெயிண்ட் வழிந்து காய்ந்த மாதிரி. அதை மறைக்கலாம் என்றே சரியாக அதன் மேல் சந்தனத்தை வைத்தேன். வைத்த சந்தனம் உள்ளே போய்விட்டது. இன்னொரு தடவை வைத்தேன், அதுவும் போனது. சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்துவிட்டேன் போல என்று என்னையே திட்டிக்கொண்டு, கெட்டியாகக் குழைத்து மூன்றாம் தடவை அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பந்தலில் நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ரதம் தெருமுனைக்கு வந்துவிட்டது. தேங்காய்கள் பறந்தன. என் வீட்டுக்காரர் ஓட்டை அள்ளுவதும் ஓரத்தில் கொட்டுவதுமாக இருந்தார். பின்பலகையில் மாமா வேட்டி கட்டி, நெற்றி நிறைய திருநீறு பூசி நின்றார். வெள்ளைக்காரர்கள் சிலர் வண்டியை விட்டுவிட்டு அவரைப் படம் பிடித்தார்கள். விடிகாலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. பந்தலிலிருந்து யாரோ வடை சுடச்சுட இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். மாமா குனிந்து தம்பியின் காதருகே ஏதோ சொன்னது மாதிரி இருந்தது. மேளச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வந்தார்.

என் வீட்டுக்காரர் இன்னொரு வாளி அள்ளித் தூக்கினார். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். ஒருவரும் திரும்பவில்லை, நூறு தேங்காய் உடையும் இடத்தில் நூற்றியோராவதாக ஒன்று உடைந்தால் யார் கவனிப்பார்கள்? எனக்கே அது தேங்காய்தான். பிறகு பார்த்தால் டிராக்டர் சாலையின் நடுவில் மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் முன்பக்கம் சாய்ந்தது, வாளி ஓட்டோடு தரையில் இறங்கியது, நடுவயிறு தாரில் பட்டது. சீட்டில் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்; ஸ்டியரிங்தான் அவருக்கு எட்டாத தூரத்துக்குப் போகப் பார்த்தது. இரண்டு சீனப் பாட்டிகள், வண்டியே சாமி கும்பிடுகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, ஊதுபத்தியை அதன் பக்கம் திருப்பிக் காட்டினார்கள்.

இவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாமா பந்தலிலிருந்து வந்தார், கையில் இலைத்துண்டு, அதில் இரண்டு வடை.

"உங்களை யாரு எறங்கச் சொன்னது?"

அவர் கத்தியது மேளத்தையும் மீறிக் கேட்டது. கூட்டாளிகள் விஷயத்தை உடனே புரிந்துகொண்டார்கள்: எதிர்பாரம் வடை தின்னப் போய்விட்டது, வண்டி உடைந்துவிட்டது. ஒருவர், ஒன்று போதாதென்று இரண்டு எடுத்திருக்கிறார் பாருங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா தம்பியையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு இலைத்துண்டை மேஜையில் வைத்துவிட்டு, மற்ற ஆட்களோடு சேர்ந்து கையாலேயே ஓட்டை அள்ள ஆரம்பித்தார். இருபது பேர் சேர்ந்து டிராக்டரின் இரண்டு பாதிகளையும் ஓரத்துக்கு இழுத்தார்கள். அதுவரை ரதம் பந்தலுக்கு எதிரிலேயே நின்றது. பந்தல்காரர்களுக்கு ஏக சந்தோஷம். எந்தப் பந்தலிலும் சுவாமி அவ்வளவு நேரம் நின்றதில்லை என்று என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று ராத்திரி மாமா சாப்பிட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நானே குழம்பை எடுத்துக்கொண்டு போனேன். கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று கதவருகிலேயே சொல்லிவிட்டார். பொய் என்று தெரியும். அது பள்ளி விடுமுறை நாள். வீட்டில் இவரோ, அண்ணன் இறங்கியதால்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒற்றை நாற்காலி சும்மா கிடந்தது. அதில் யார் உட்கார்ந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

உத்தரவாதம் இன்னும் முடியவில்லை என்று இவர் எங்கள் கம்பெனிக்கே மனு எழுத உட்கார்ந்தார். ஆங்கிலத்துக்கு நான்தான். காரணம் என்ற இடத்தில், 'உதவியாளர் முன்னறிவிப்பு இல்லாமல் இறங்கிவிட்டதால்' என்று போடச் சொன்னார். அண்ணனை இப்படி எழுதலாமா என்று கேட்டேன். நடந்ததைத்தானே எழுதுகிறோம் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எழுதினேன். மறுநாள் காலை அது ஆபீஸில் என் மேஜைக்கே வந்தது. வந்த தேதி முத்திரையை நானே குத்தினேன்.

டிராக்டரின் பாதிகள் எங்கள் கம்பெனி முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. சர்வீஸ் சூப்பர்வைசர் மலாய்க்காரர், பேச்சைவிடப் பார்வை அதிகம். உடைந்த முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். வார்ப்பிரும்பு புதிதாக உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மினுங்கியது. பாதிக்கு மேல் அப்படி இல்லை; துருவேறி, அதன் மேல் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து கிடந்தது. விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். விரிசலில் புட்டிப் பசை அடைத்து மறைத்துவிட்டு, இப்போது மனுப் போட்டிருக்கிறார் உன் புருஷன், அப்படித்தான் ரிப்போர்ட்டில் எழுத வேண்டியிருக்கும் என்றார்.

அந்தக் காலை, கோட்டின் மேல் வைத்த சந்தனம், உள்ளே போனது, திரும்ப வைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"புட்டி இல்லை, சந்தனம். நான்தான் வைத்தேன்" என்று மலாயில் சொன்னேன்.

அப்படியென்றால் விரிசலைப் பார்த்திருக்கிறாய் என்றார். பார்த்தேன், பார்த்துப் பொட்டு வைத்தேன் என்றேன். அவர் என்னையும் டிராக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் 'தினமும் பார்க்கவும்' என்று கடிதம் அடிக்கிறவள் நான் என்பது அவருக்குத் தெரியும். சிரிக்கக் கூடாது என்று ரொம்பவும் பாடுபட்டார், முடியவில்லை. பிறகு நல்ல மனிதராக, புட்டி என்று எழுதாமல், விரிசல் பழையது, தாங்கு கம்பிகளைக் கழற்றியதால் பல வாரங்களாக வளர்ந்து வந்தது, உடைந்த அன்று காலையில் பூசிய சந்தனம் உள்ளே இருப்பதே அதற்குச் சாட்சி என்று எழுதினார். பின்னால் நின்றவர் இறங்காமல் இருந்திருந்தால் உடைந்திருக்காதா என்று கேட்டேன். இன்னும் ஒரு வாளியோ இரண்டு வாளியோ, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார்.

கடிதத்தை நான் அடித்தேன். என் வீட்டு விலாசத்துக்கு, என் வீட்டுக்காரருக்கு, அன்புள்ள ஐயா என்று ஆரம்பித்து, வருந்துகிறோம் என்று அடித்தேன். முடிவில் வழக்கத்தில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தேன்: உதவியாளர் இறங்கியதற்கும் இந்த உடைப்புக்கும் சம்பந்தம் இல்லை. மேனேஜர் அன்றைக்கென்று படித்துவிட்டார். இது எதற்கு என்றார். வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள விரும்புவார் என்றேன். கையோடு வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றதற்கு, முறைப்படி தபாலில்தான் போக வேண்டும் என்றார். பதிவுத் தபாலில் போனது. சனிக்கிழமை மத்தியானம் தபால்காரர் வந்தபோது நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போய், கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, உங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறது, வந்து கேட்டே ஆக வேண்டும் என்று நின்றேன். வந்தார். உள்ளே நுழையவில்லை, வாசற்படியில், பலகையில் நிற்கிற மாதிரியே கைகட்டி நின்றார். இவர் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் எழுதிய ஆங்கிலத்தை நானே தமிழில் சொன்னேன். வருந்துகிறோம் என்ற இடம்வரை இவர் முறைத்துக்கொண்டிருந்தார். கோழிக்கூட்டின் மேல் கிடக்கும் கம்பிகள் வந்தபோது தலை குனிந்தது. சந்தனம் வந்தபோது நிமிர்ந்தது.

"எந்தச் சந்தனம்?"

"நான் வெச்சதுதாங்க. கோடு தெரிஞ்சுது. பெயிண்ட்னு நெனச்சுப் பொட்டு வெச்சுட்டேன்."

கடைசி வரியை மாமாவைப் பார்த்துச் சொன்னேன். அவர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்ப நான் எறங்குனதால இல்லியா?" என்றார்.

"இல்ல மாமா. அன்னிக்கு உங்களைப் பார்த்து நானும் சிரிச்சேன். தப்பு மாமா."

நான் அழுதுவிட்டேன். மாமா பதறி, அதுக்கு ஏன்மா அழுவுற என்று படியேறி உள்ளே வந்தார். வந்தவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்துத் தட்டைப் போட்டேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் சோற்றுக் கரண்டியைத் தொட்டறியாத என் வீட்டுக்காரர் எழுந்துபோய்ப் பானையோடு எடுத்து வந்தார். அண்ணன் தட்டில் ஒரு கரண்டி போட்டார். போதும் என்று சொன்னபிறகும் போட்டார்.

மாமா சோற்றைப் பிசைந்தபடியே, எறங்கும்போது உன் காதுல சொல்லிட்டுத்தான்டா எறங்குனேன், மேளத்துல கேட்டிருக்காது என்றார். மூன்று வாரத்தில் அதை ஒருவரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

இவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

"கேட்டுச்சுண்ணே" என்றார். "எனக்கும் ஒரு வடை எடுத்துட்டு வாங்கன்னு நான்தானே சொன்னேன்."

மாமா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு ரசம் கேட்டார்.